வரல

பிரசவத்துக்குப் போன வசந்தமலர் டீச்சர்
மேசை இழுப்பறையில் ஒரு தாள் விட்டுப் போயிருந்தார்.
இரண்டாவது காற்றாடியைப் போட்டால் விளக்கு போய்விடும்.
அலமாரிச் சாவி பூச்சட்டிக்கு அடியில்.
லோஷினி: பார்த்துக்கொள்ளவும்.

எச்சரிக்கையா வேண்டுகோளா என்று
நான் அனுப்பிய செய்திக்கு
ஒரு சிவந்த பிஞ்சுக் காலின் படம்
பதிலாக வந்தது.

எனக்கு இருபத்து மூன்று வயது.
பயிற்சிக் கல்லூரிக்கு இரண்டு முறை எழுதிப் போட்டு
இரண்டு முறையும் ‘வருந்துகிறோம்’.
இங்கே நாள் கணக்கில் சம்பளம்,
அம்மா பால்மரம் சீவியபோது வாங்கியதைப் போல.
புக்கிட் செராயா தோட்டத் தமிழ்ப்பள்ளி.
தோட்டம் எப்போதோ வீடமைப்புப் பகுதியாகிவிட்டது.
பெஞ்சுகளை லோரியில் ஏற்றி லாபிஸ் டவுனுக்கு வந்தபோது
பெயர்ப்பலகையும் கூடவே ஏறிக்கொண்டது.

மூன்றாம் ஆண்டு. பதினொரு பேர்.
முதல் நாள் பெயர் கூப்பிட்டேன்.
பத்துப் பேர் “வந்துட்டேன் டீச்சர்.”
லோஷினி?
“வரல.”
முன் வரிசையில், என் கண்ணுக்கு நேரே,
ஒரு பக்க ரிப்பன் அவிழ்ந்து தொங்க
அவளேதான் சொன்னாள்.

முதல் வாரம் சிரித்துப் பார்த்தேன்.
இரண்டாம் வாரம் ஸ்டிக்கர் கொடுத்தேன்.
நட்சத்திரங்களையெல்லாம் சப்பாத்துக்கு அடியில் ஒட்டிக்கொண்டு
மிதித்து மிதித்து நடந்தாள்.
மூன்றாம் வாரம் ஒரு மஞ்சள் விசில்.
நான் பலகைப் பக்கம் திரும்பினால் ஊதுவாள்.
திரும்பிப் பார்த்தால்
தலை கவிழ்ந்து பெருக்கல் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள்.

அந்தத் திங்கட்கிழமை
ஏழு எட்டு ஐம்பத்தாறு என்று எழுதப் போக
எட்டைத் தாண்ட விடவில்லை.
விசிலைப் பிடுங்கி மழைக்கோட்டுப் பையில் போட்டேன்.
கத்தினேன்.
பக்கத்து வகுப்பில் வாய்பாடு நின்றது.
“வெளிய போ. கொடிக்கம்பத்துகிட்ட நில்லு.
நான் கூப்பிடுற வரைக்கும் அசையக் கூடாது.”

போனாள்.
அப்பாடா, என்ன அமைதி.
அன்றைக்குத்தான் ஒரு பாடத்தை முழுசாக நடத்தினேன்.

மணி அடித்ததும் பின்வாசல் வழியாக மோட்டாரை விட்டேன்.
இரண்டு மணிக்கு மினி மார்க்கெட்டில்
கல்லாவில் உட்கார வேண்டும்.
நாலாம் கட்டை எண்ணெய் நிலையத்தில் மழை பிடித்துக்கொண்டது.
கோட்டை மாட்டி, சில்லறைக்காகப் பையைத் துழாவ
விரலில் இடறியது
விசில்.

திரும்பிய வழி ஞாபகமில்லை.
செம்பனை லோரி ஒன்றைத் தப்பான பக்கம் முந்தியது மட்டும்
ஞாபகம் இருக்கிறது.

கொடிக்கம்பத்துக்குக் கீழே
ஜாகா பாக் ஹாஷிம்
தன் குடையை அவள்மேல் பிடித்துக்கொண்டு
தான் நனைந்தபடி நின்றிருந்தார்.
வேன்காரர் ஹாரன் அடித்து ஓய்ந்திருந்தார்.
“தாமாவ், சிக்கு” என்றார் பாக் ஹாஷிம்.
மாட்டாளாம்.
டீச்சர் கூப்பிட்டால்தான் வருவாளாம்.

மூன்று வாரத்தில் என் சொல்லை அவள் கேட்டது
அந்த ஒரு தடவைதான்.

“வா” என்றேன். வந்தாள்.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
“விசில்” என்றாள், கையை நீட்டி.

செவ்வாய்க்கிழமை பெயர் கூப்பிட்டேன்.
லோஷினி?
யாரும் எதுவும் சொல்லவில்லை.
சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன்;
மை அடுத்த தாள் வரை ஊறியது.
புதனும் அப்படியே.
பசியாறும் நேரத்தில் தலைமையாசிரியர் கேட்டார்:
“ரெண்டு நாளா நிம்மதி போல?”
நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன்,
தின்னவில்லை.

வியாழன்.
அவள் பெயருக்கு மெல்லத்தான் வந்து சேர்ந்தேன்.
தலையைத் தூக்கவில்லை.
லோஷினி?
ஒரு இருமல். மூக்கை உறிஞ்சும் சத்தம்.
அப்புறம், அடைத்த தொண்டையில்,
“வரல.”

வந்ததாகக் கோடு போட்டேன்.
பலகைப் பக்கம் திரும்பினேன்.
ஏழு எட்டு
என்று எழுதி, பேனாவை அங்கேயே நிறுத்தி
முதுகைக் காட்டிக்கொண்டு
காத்திருந்தேன்.